பற்றரியைக் குறை சொல்வதற்கு முன், புரொசசரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்

போன மாதம் சம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை திருகோணமலையில் இருக்கும் எங்கள் லப்டொப் திருத்தும் கடைக்கு வந்தது. கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை. லப்டொப் கட்டாரில் வேலை செய்யும் தமையன் வாங்கி அனுப்பியது, வந்து எட்டு மாதம்தான். மேசையில் வைத்த கையோடு, “அண்ணா, பற்றரி பழுதாப் போச்சு. ரெண்டு மணித்தியாலம்கூட நிக்குதில்லை. புதுசு போட்டுத் தாங்கோ” என்றது.

நான் பற்றரியில் கை வைக்கவில்லை. முதலில் அறிக்கை எடுத்தேன். விண்டோஸிலேயே அதற்கு வழி இருக்கிறது. கமாண்ட் புரொம்ப்டை, அதாவது கட்டளை தட்டும் ஜன்னலைத் திறந்து, powercfg /batteryreport என்று தட்டினால் பற்றரி ரிப்போர்ட் ஒரு பக்கமாக உருவாகும். அதில் இரண்டு எண்கள் போதும்: பற்றரி செய்யப்பட்டபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏற்றினால் கொள்ளும் அளவு. அந்த லப்டொப்பில் முதலாவது 45 வாட்-மணி (ஒரு வாட் வீதம் குடித்தால் 45 மணித்தியாலம் நிற்கும் அளவு), இரண்டாவது 41. பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கிறது. பற்றரி சுகமாகத்தான் இருந்தது.

அப்புறம், பற்றரியிலிருந்து எத்தனை வாட் போகிறது என்று காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். பிரவுசரும் வேர்டும் மட்டும் திறந்திருந்தன. அதற்கே 20 வாட் ஓடிக்கொண்டிருந்தது. 41-ஐ 20-ஆல் வகுத்தால் இரண்டு மணித்தியாலம். பிள்ளை சொன்ன கணக்கில் பிழையில்லை.

கணினியின் மூளையான புரொசசரின் பெயரைப் பார்த்தேன்: இன்டெல் கோர் ஐ5 12450எச். கூடவே படங்களை வரைவதற்கென்றே தனியாக ஒரு என்விடியா கிராபிக்ஸ் கார்ட், நொடிக்கு 144 தடவை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹேர்ட்ஸ் திரை. கேம் விளையாடுகிறவர்களுக்காகச் செய்த லப்டொப் அது. தங்கைக்கு நல்லதாக வாங்கவேண்டும் என்று தமையன் கூடுதல் காசு கொடுத்திருக்கிறார். அந்த அன்பைப் பிழை சொல்ல முடியாது. ஆனால் கடையில் அவரிடம் “ஐ5-ஆ ஐ7-ஆ?” என்று கேட்டவர்கள், “கரண்ட் இல்லாத இடத்தில் எவ்வளவு நேரம் வேலை?” என்று கேட்கவில்லை.

எங்கள் ஊரில் லப்டொப் வாங்க வருகிறவர்கள் எல்லோருக்கும் ஐ3, ஐ5, ஐ7 மனப்பாடம். பற்றரியைப் பொறுத்தவரை அந்த எண்ணைவிட, பெயரின் கடைசியில் நிற்கும் எழுத்து அதிகம் பேசும். இன்டெலின் 12ஆம் தலைமுறையை எடுங்கள், எண் 12 என்று தொடங்கும். ஐ5 1235யூ என்பதன் அடிப்படை மின்சக்தி 15 வாட். ஐ5 12450எச் என்பதற்கு 45 வாட். இரண்டும் ஐ5தான்! இடையில் 28 வாட்டில் ‘பி’ என்று ஒரு வகையும் வந்தது. இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியிலும் அப்படியே: ரைசன் 5 5500யூ 15 வாட், 5600எச் 45 வாட். ஏஎம்டியின் புதிய ரைசன் ஏஐ வரிசையில் இந்த எழுத்துக் கணக்கு கொஞ்சம் குழம்புகிறது, அதில் ‘எச்எக்ஸ்’ என்று முடியும் ஒன்றுக்கு 28 வாட்தான். அதனால் எழுத்தைப் பார்த்துவிட்டு, வாட் எண்ணையும் இணையத்தில் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

15, 45 என்பவை எந்நேரமும் குடிக்கும் அளவு அல்ல. சும்மா இருக்கும்போது இரண்டு வகையும் சில வாட்களோடு அடங்கிக் கிடக்கும். வேலை வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். புரொசசர் வேகத்தைக் கூட்டவேண்டுமானால் வோல்ட்டேஜையும் கூட்டவேண்டும். மின்செலவு வேகத்தோடு நேராகவும், வோல்ட்டேஜோடு வர்க்கமாகவும் ஏறும். இரண்டும் தலா 10 வீதம் ஏறினால் செலவு 33 வீதம் ஏறிவிடும். 1.1-ஐ மூன்று தடவை பெருக்கிப் பாருங்கள், 1.331 வரும். பத்து வீத வேகத்துக்கு முப்பத்து மூன்று வீதச் செலவு! எச் வகை இந்த உச்ச வேகத்தில் நீண்ட நேரம் நிற்பதற்காகச் செய்யப்பட்டது. யூ வகையும் பாயும், ஆனால் சீக்கிரம் இறங்கிவிடும்.

மறுபக்கத்துக்கு ஒரு கணக்கு. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் எம்1 சிப்போடு மக்புக் எயார் வெளியிட்டது. அதற்குள் மின்விசிறியே கிடையாது. பற்றரி 49.9 வாட்-மணி, அந்தப் பிள்ளையின் பற்றரியைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். அதை வைத்து 15 மணித்தியாலம் வரை இணையம் பார்க்கலாம் என்று நிறுவனம் சொன்னது. வகுத்தால் சராசரி 3.3 வாட் வருகிறது. எல்லோரும் ஆப்பிள் வாங்குங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்பது பற்றரியின் பருமனைவிட, அதைக் குடிக்கும் பொருளில்தான் அதிகம் தங்கியிருக்கிறது. பின்னர் இன்டெலும் 2024இல் ‘வி’ என்று முடியும் கோர் அல்ட்ரா புரொசசர்களை இதே நோக்கத்தில்தான் கொண்டுவந்தது.

சரி, வாங்கியாகிவிட்டது, என்ன செய்யலாம்? அந்தப் பிள்ளையின் லப்டொப்பில் அசையும் வால்பேப்பர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது கிராபிக்ஸ் கார்டைத் தூங்கவே விடவில்லை. அதை நீக்கினோம். திரையை 144இலிருந்து 60 ஹேர்ட்ஸுக்கு இறக்கினோம். வெளிச்சத்தைப் பாதியாக்கி, பவர் மோடைச் சிக்கனத்துக்கு மாற்றினோம். 20 வாட் 11 ஆனது. இரண்டு மணித்தியாலம் மூன்றரையைத் தாண்டியது. அதற்குக் கீழே என்னால் இறக்க முடியவில்லை. மிச்சம், வாங்கிய அன்றே முடிவான விஷயம்.

பழைய லப்டொப் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை இருக்கிறது. யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற முறைகளில் வீடியோவைச் சுருக்கி அனுப்புகிறது. அவற்றை விரிக்க நவீன புரொசசருக்குள் தனிப் பகுதியே உண்டு. விபி9க்கு அது இன்டெலின் 7ஆம் தலைமுறையில் முழுமையாக வந்தது, ஏவி1க்கு 11ஆம் தலைமுறையில். அதற்கு முந்திய லப்டொப்பில் அந்த வேலையின் பெரும்பகுதி புரொசசரின் பொதுப் பகுதிகளின் தலையில் விழும். பாட்டுக் கேட்டாலே விசிறி இரைவது அதனால்தான். வீடியோவின் தரத்தை 480க்கு இறக்கினால் உடனே வித்தியாசம் தெரியும். சூம் வகுப்பில் பின்னணிப் படம் போடுவதும் இப்படித்தான், ஒவ்வொரு கணமும் உங்கள் தலைமுடியைச் சுவரிலிருந்து பிரித்தெடுக்கப் புரொசசர் பாடுபடுகிறது.

மூடியை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு பஸ் ஏறுகிறவர்களுக்கு ஒன்று. புதிய லப்டொப்கள் பல, மூடினாலும் முழுதாகத் தூங்குவதில்லை. போனைப் போல உள்ளே விழித்திருந்து அப்டேட்டும் இணையமும் பார்க்கும். பைக்குள் காற்றில்லை. கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு தம்பி பையைத் திறந்தபோது லப்டொப்பின் அடிப்பக்கத்தை நானே தொட்டுப் பார்த்தேன், கையை வைத்திருக்க முடியவில்லை. மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது திறந்திருந்த வேலையைச் சேமித்துவிட்டு முழுதாக அணையும்படி, பவர் அமைப்பில் மாற்றிவிடுங்கள். திறக்கும்போது சில நொடி கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான்.

இனி வெக்கை. திருகோணமலையில் இருக்கும் எங்களுக்கு இதுதான் பெரிய விஷயம்.

உவர்மலையில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் வீட்டிலிருந்து ஒன்லைனில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். யன்னலோரம் மேசை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த மேசையே சுடும். லப்டொப்பை எந்நேரமும் சார்ஜரில் போட்டபடி வைத்திருந்தார். கரண்ட் போனால் வகுப்பு நின்றுவிடுமே என்ற பயம், நியாயமான பயம்தான். இரண்டு வருடம் கழித்து, “தம்பி, மவுஸ் தட்டுப்படுதில்லை” என்று கொண்டுவந்தார். டச்பேட் ஒரு பக்கம் மேலெழும்பி நின்றது. அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றினேன். கடைசித் திருகாணி கழன்றதும் மூடி தானாகவே துள்ளித் திறந்தது. உள்ளே பற்றரி, தட்டையாக இருக்கவேண்டியது, தலையணை மாதிரி உப்பியிருந்தது.

லிதியம் அயன் பற்றரிக்கு இரண்டு எதிரிகள்: வெக்கை, நிறைந்த சார்ஜ். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து அதிகம். 25 பாகை செல்சியஸில் 40 வீத சார்ஜோடு ஒரு வருடம் சும்மா வைத்தால் கொள்ளளவில் ஏறத்தாழ 96 வீதம் மிஞ்சும் என்பார்கள். 40 பாகையில் 100 வீதம் நிறைத்து வைத்தால் மிஞ்சுவது 65 வீதம் அளவுதான். பாவிக்காமலே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எங்கள் வீட்டு யன்னலோரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் புரொசசருக்குப் பக்கத்தில், பற்றரி 40 பாகையைத் தொடுவது ஒன்றும் பெரிய காரியமல்ல. மெத்தையில், தலையணையில் வைத்து காற்றுத் துவாரத்தை அடைத்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

அதனால் சார்ஜரிலேயே கிடக்கும் லப்டொப்பில் 80 வீதத்தோடு நிறுத்தும் அமைப்பைப் போட்டுவிடுங்கள். லெனோவா, ஆசூஸ் போன்றவற்றின் சொந்த மென்பொருளில் அது இருக்கிறது, வேறு சிலவற்றில், விண்டோஸ் தொடங்குவதற்கு முன் திறக்கும் பயோஸ் அமைப்பில் இருக்கும். “அப்போ கரண்ட் போற நேரம்?” என்று ரீச்சர் கேட்டார். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்த எங்களிடம் அந்தக் கேள்வி வராமல் இருக்குமா? மின்வெட்டு அறிவிப்பு வந்தால் 100 வரை ஏற்றுங்கள், தயங்கவேண்டாம். அந்த ஒரு நாள் பற்றரியைக் கெடுக்காது. வருடம் முழுக்க 100இல் வேக வைப்பதுதான் கெடுக்கும்.

உப்பிய பற்றரியைக் கண்டால் சார்ஜரைக் கழற்றி, லப்டொப்பை நிறுத்திவிட்டு, கடைக்குக் கொண்டுவாருங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், ஊசியால் காற்றிறக்க நினைக்கவே வேண்டாம், தீப்பிடிக்கும். கழற்றியதைக் குப்பையோடு போடுவதும் அப்படித்தான்.

பாவித்த லப்டொப் வாங்குகிறவர்கள், காசு கொடுப்பதற்கு முன் பற்றரி ரிப்போர்ட்டைக் கடைக்காரரின் முன்னாலேயே எடுத்துப் பாருங்கள். நேர்மையாக விற்கிற எவரும் மறுக்கமாட்டார். பிறகு லப்டொப்பை மூடி, சமமான கண்ணாடி மேசையில் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்துங்கள். எதிர்மூலை எழும்பி ஆடினால் உள்ளே பற்றரி உப்பி அடிமூடியைத் தள்ளியிருக்கலாம், அதைக் கழற்றிக் காட்டும்வரை காசை எடுக்காதீர்கள்.