தேங்காய் துருவியும் ஒரு நிமிஷ வீடியோவும்

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மத்தியானம், நான் சாப்பிட்டு கை கழுவிட்டு வர்றேன், எங்க கோயம்புத்தூர் ஆபீஸ் வாசல்ல ஒரு அண்ணன் மஞ்சப்பையோட நிக்கறாரு. அம்பது வயசு இருக்கும், லேத் பட்டறை வச்சிருக்கறவரு, நகக்கண்ணெல்லாம் ஆயில் ஏறி கருப்பா இருந்துச்சு. "தம்பி, பேட்டண்ட் எடுத்துக் குடுக்கறது நீங்கதானுங்களா"ன்னு கேட்டுட்டே பைக்குள்ள இருந்து ஒரு தேங்காய் துருவிய எடுத்து என் டேபிள்ல வச்சாரு, கூடவே ஒரு மூடி தேங்காயும்.

"துருவிப் பாருங்க."

பார்க்க சாதாரண துருவிதான். அடில ரப்பர் வாக்குவம், பக்கவாட்டுல கைப்பிடி, முன்னாடி பூ மாதிரி கத்தி. சுத்துனேன், வெள்ளையா பூ மாதிரி விழுந்துச்சு. வீட்ல துருவறவங்களுக்கு தெரியும், கடைசில கத்தி அந்த பழுப்புத் தோல்ல ஏறி செரட்டை வரைக்கும் சொரண்டும், சட்னி கலரே மாறிடும். இதுல அந்த எடம் வந்ததும் உள்ள டக்குனு ஒரு சத்தம். கைப்பிடி சுத்துது, ஆனா கத்தி சுத்தல. மூடிய கொஞ்சம் நகத்துனா மறுபடி சுத்துது. உள்ள என்ன வச்சிருக்காருன்னா, பல்லு வெட்டுன ரெண்டு வாஷர் எதிரெதிரா, பின்னாடி ஒரு ஸ்பிரிங். கத்திக்கு லோடு கூடுச்சுன்னா பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நழுவிடும், அவ்வளவுதான். ரெண்டு வாஷர், ஒரு ஸ்பிரிங். இத்தன வருஷமா எத்தனையோ டிராயிங் பார்த்திருக்கேன், இந்த மாதிரி சின்ன விஷயத்துல பெரிய வேலை பண்றத பார்த்தா இன்னமும் எனக்கு சந்தோஷம் தாங்காது.

அப்பறம் நான் எல்லார்கிட்டயும் கேக்கற முதல் கேள்விய கேட்டேன். "அண்ணா, இத இதுக்கு முன்னாடி யாருக்காச்சும் காட்டிருக்கீங்களா?"

அவரு முகத்துல ஒரு பெருமை. ஃபோன எடுத்தாரு. பையன் யூடியூப்ல போட்ட வீடியோ, ஒரு நிமிஷம் கூட இல்ல, ஆனா அதுக்குள்ள ஸ்பேனர வச்சு தலைய கழட்டி அந்த பல்லு வாஷர கைல வச்சு கேமராவுக்கு பக்கத்துல காட்டிருக்காங்க. போட்டு பதினோரு மாசம். இது போக சொந்தக்காரங்களுக்கும் ஒரு பாத்திரக்கடைக்கும் சேர்த்து நாப்பது பீஸ் வித்திருக்காரு.

எனக்கு அந்த நிமிஷம் என்ன சொல்றதுன்னே தெரியல. ஏன்னா இந்தியாவுல அந்த நழுவற வாஷர் அமைப்புக்கு, கிளட்ச்னு சொல்லுவோம், பேட்டண்ட், அதாவது காப்புரிமை, கிடைக்கற வாய்ப்பு வீடியோ போட்ட அன்னைக்கே போயிடுச்சு. அப்ளிகேஷன் போடற தேதிக்கு முன்னாடி அந்த விஷயம் வெளிய தெரிஞ்சிருந்தா அது புதுசு இல்ல, வெளிய சொன்னது வேற யாரோவா இருந்தாலும் சரி, கண்டுபிடிச்ச நீங்களே சொல்லியிருந்தாலும் சரி. "என் கண்டுபிடிப்ப நான்தானே காட்டுனேன்"னு அந்த அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டாரு, நியாயமான கேள்விதான், ஆனா நம்ம சட்டத்துல அதுக்கு பொதுவா ஒரு சலுகைக் காலம் கிடையாது. அமெரிக்காவுல ஒரு வருஷம் இருக்கு, தானே வெளியிட்ட விஷயத்துக்கு ஒரு வருஷத்துக்குள்ள அங்க அப்ளை பண்ணலாம். அவருக்கு அங்க இன்னும் ஒரு மாசம் பாக்கி இருந்துச்சு. ஆனா செட்டிபாளையத்துலயும் பல்லடத்துலயும் துருவி விக்கறவரு அமெரிக்க பேட்டண்ட்ட வச்சு என்ன பண்ணுவாரு சொல்லுங்க.

இந்த இடத்துல நான் எல்லாருக்கும் ஒரு பழைய கேஸ் சொல்லுவேன், அவருக்கும் சொன்னேன். அமெரிக்கால 1855ல நடந்த விஷயம். அப்போ பொம்பளைங்க கவுனுக்குள்ள இடுப்ப இறுக்கிக் கட்டற கார்செட் போடுவாங்க, அதுல நெட்டுக்கு ஸ்டீல் பட்டை வரும், அது அடிக்கடி ஒடையும். ரெண்டு பொண்ணுங்க இதப்பத்தி பொலம்பிட்டு இருந்தப்ப கூட இருந்த சாமுவேல் பார்ன்ஸ்ங்கறவரு, ஒடையாத மாதிரி என்னால பண்ண முடியும்னு சொல்லிட்டு, அடுத்த தடவை வரும்போது ஒரு ஜோடி பண்ணிக் கொண்டுவந்து அதுல ஒரு பொண்ணுகிட்ட குடுத்தாரு. அந்தப் பொண்ணு அத வருஷக்கணக்கா போட்டிருந்துச்சு, துணி கிழிஞ்சா பட்டைய மட்டும் பிரிச்சு எடுத்து புது கார்செட்ல தச்சுக்கும். 1858ல இன்னொரு ஜோடி குடுத்தாரு. அப்பறம் ரெண்டு பேரும் கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க. 1866லதான் அவரு பேட்டண்டுக்கு அப்ளை பண்ணாரு, கிடைச்சுது. அவரு செத்த பின்னாடி அந்தம்மா அந்த பேட்டண்ட்ட வச்சு காப்பி அடிச்சவங்க மேல கேஸ் போட்டாங்க. 1881ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் பேட்டண்ட் செல்லாதுன்னுடுச்சு. ஏன்? அப்போ அங்க இருந்த சட்டப்படி அப்ளிகேஷனுக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல முன்னாடி பொதுப் பயன்பாட்டுல இருந்தா பேட்டண்ட் போச்சு. ஒரே ஒரு பொண்ணு, அதுவும் துணிக்குள்ள, வெளிய யார் கண்ணுக்குமே தெரியாம போட்டிருந்தது, அதுவும் பொதுப் பயன்பாடுதான்னு சொன்னாங்க. பார்ன்ஸ் அத குடுக்கும்போது இத ரகசியமா வச்சுக்கோன்னு ஒரு கட்டுப்பாடும் போடல, இது சோதனைக்குன்னும் சொல்லல, அதான் காரணம். மில்லர்ங்கற ஒரு நீதிபதி மட்டும், இது பொதுப் பயன்பாடுன்னா அப்பறம் தனிப்பட்ட பயன்பாடுன்னு எதச் சொல்லுவீங்கன்னு கேட்டு தனியா எழுதுனாரு. ஆனா மத்தவங்க ஒத்துக்கல.

அது அவங்க ஊர் சட்டம், நம்ம ஊர் கோர்ட் அப்படியே பின்பத்தணும்னு இல்ல. ஆனா துணிக்குள்ள இருந்த ஒரு ஸ்டீல் பட்டைக்கே அந்த கதின்னா, ஊரே பார்க்கற வீடியோவுக்கு என்ன கதின்னு யோசிங்க.

இங்க விதிவிலக்குன்னு இருக்கறது ரொம்ப கொஞ்சம். மத்திய அரசு அரசிதழ்ல அறிவிச்ச கண்காட்சில காட்டிருந்தா அதுல இருந்து 12 மாசத்துக்குள்ள போடலாம். எல்லாரும் ஸ்டால் போடற சாதாரண டிரேட் ஃபேர் இதுல வராது, அறிவிச்சிருக்காங்களான்னு பார்க்காம "எக்ஸிபிஷன்ல வச்சா ஒரு வருஷம் டைம் இருக்காமே"ன்னு யாராச்சும் சொல்றத நம்பாதீங்க. இன்னொண்ணு, நீங்க நம்பிச் சொன்ன ஆளு உங்களுக்கு தெரியாம திருடி வெளியிட்டா அதுக்கு பாதுகாப்பு இருக்கு, தெரிஞ்ச உடனே அப்ளை பண்ணியிருக்கணும். அப்பறம் ஊரறிய ஓட்டிப் பார்த்தாத்தான் சோதிக்கவே முடியும்கற மாதிரி பொருளுக்கு, ஒரு வருஷத்துக்குள்ள நடந்த நியாயமான டிரையலுக்கு விலக்கு உண்டு. தேங்காய் துருவிய சோதிக்க ஊர் வேண்டாம், சமையக்கட்டே போதும்.

அதனால வீட்ல சோதிங்க. வெளி ஆளுகிட்ட டை போடவோ ஸ்பிரிங் சுத்தவோ குடுக்கணும்னா இத வெளிய சொல்லமாட்டேன்னு ஒரே பக்கத்துல ஒரு ஒப்பந்தம் எழுதி கையெழுத்து வாங்கிட்டு குடுங்க, பட்டறைக்காரர் பத்து வருஷ பழக்கமா இருந்தாலும் வாங்குங்க, அது அவரு மேல சந்தேகப்படறது இல்ல. முடிஞ்சா முழு மெஷின யார்கிட்டயும் குடுக்காதீங்க, ஒருத்தர்கிட்ட வாஷர், இன்னொருத்தர்கிட்ட ஸ்பிரிங்.

ஃபைல் பண்றதுக்கு பொருள் பர்ஃபெக்டா முடிஞ்சிருக்கணும்னு அவசியமில்ல, ப்ரொவிஷனல்ங்கற தற்காலிக அப்ளிகேஷன் ஒண்ணு போட்டா தேதி உங்களுது ஆயிடும், 12 மாசத்துக்குள்ள முழு ஸ்பெசிஃபிகேஷன், அதாவது முழு விவரமும் எழுதுன பேப்பர், குடுக்கணும். ஆனா இதுலயும் ஒரு குழி இருக்கு. நாலு வரி எழுதி வாட்ஸாப் போட்டோ ரெண்டு ஒட்டி ப்ரொவிஷனல் போட்டுட்டு தைரியமா விக்க ஆரம்பிச்சிடறாங்க. ப்ரொவிஷனல்ல எழுதாத விஷயத்துக்கு அந்த தேதி கிடைக்காது. உள்ள பல்லு எந்த சாய்வுல வெட்டிருக்கு, ஸ்பிரிங் எந்தப் பக்கம் தள்ளுது, வாஷருக்கு பதிலா பேரிங்ல வர்ற மாதிரி குண்டு வச்சாலும் ஓடுமா, எல்லாத்தையும் அன்னைக்கே எழுதிடணும். செலவுன்னு பயப்படறாங்க. தனி ஆளுக்கு ஆன்லைன்ல அப்ளிகேஷன் அரசுக் கட்டணம் 1,600 ரூபா, பரிசோதனைக்கு கேக்கறதுக்கு 4,000 ரூபா, பக்கமும், எதெதுக்கு உரிமை கேக்கறோம்னு எழுதற கிளெய்மும் ரொம்ப அதிகமானா கொஞ்சம் கூடும். ஏஜென்ட் ஃபீஸ் தனி. கிண்டில இருக்கற சென்னை பேட்டண்ட் ஆபீஸுக்கு பஸ் ஏறிப் போக வேண்டியதும் இல்ல.

இப்போ நான் ரொம்ப வேதனையோட பார்க்கற இன்னொரு விஷயத்துக்கு வர்றேன். துணி காயப்போடற மடக்கு ஸ்டாண்ட் ஒண்ண பண்ண ஒரு அக்கா வந்தாங்க. ஒரு கைல தூக்குனாலே நாலு காலும் தானா மடங்கற மாதிரி ஒரு கீல், அருமையான வேலை. "எனக்கு பேட்டண்ட் இருக்குதுங்க, ஒருத்தன் காப்பி அடிச்சிட்டான், நோட்டீஸ் விடணும்"னாங்க. சர்டிஃபிகேட்ட வாங்கிப் பார்த்தா அது பேட்டண்ட்டே இல்ல, டிசைன் ரெஜிஸ்ட்ரேஷன். யாரோ ஒரு கன்சல்டன்ட் இருபதாயிரம் வாங்கிட்டு பேட்டண்ட்னு சொல்லிக் குடுத்திருக்காரு. டிசைன் சட்டம் பாதுகாக்கறது கண்ணுக்கு தெரியற உருவத்த மட்டும்தான், வடிவம், வளைவு, மேல இருக்கற அலங்காரம், இதெல்லாம். ஒரு பொருள் எப்படி வேலை செய்யுதுங்கறத, வெறும் இயந்திர அமைப்ப, அந்தச் சட்டமே வெளிய வச்சிருக்கு. காப்பி அடிச்சவன் காலோட வடிவத்த மாத்திட்டு கீல அப்படியே எடுத்துக்கிட்டான். நோட்டீஸ் விட என்கிட்ட ஒண்ணும் இல்ல. அந்த கீலுக்கு புதுசா பேட்டண்ட் போடலாம்னா ஸ்டாண்ட் ரெண்டு வருஷமா மார்க்கெட்ல ஓடிட்டு இருக்கு. அந்தக்கா ஒரு வார்த்தை பேசல, சர்டிஃபிகேட்ட பிளாஸ்டிக் கவர்ல திரும்ப போட்டுட்டு எந்திரிச்சுப் போனாங்க. எனக்கு அன்னைக்கு நைட் தூக்கம் வரல. உங்ககிட்ட ஒரு சர்டிஃபிகேட் இருந்தா இப்பவே எடுத்து மேல என்ன சட்டம்னு போட்டிருக்குன்னு பாருங்க, பேட்டண்ட்ஸ் ஆக்ட் 1970ஆ, டிசைன்ஸ் ஆக்ட் 2000ஆ. ரெண்டும் வேணும்னா ரெண்டும் எடுக்கலாம், ஒண்ணோட வேலைய இன்னொண்ணு செய்யாது.

புதுசா இருந்தா மட்டும் போதுமான்னா அதுவும் இல்ல. நம்ம சுப்ரீம் கோர்ட் 1978ல சொன்ன தீர்ப்பு ஒண்ணு இருக்கு, இந்தத் தொழில்ல இருக்கறவங்க எல்லாருக்கும் மனப்பாடம். மிர்சாபூர்ல பித்தளைப் பாத்திரம் பண்றவங்க, பாத்திரத்த லேத்துல புடிச்சு கடையறதுக்கு ஒரு அமைப்பு, அதுக்கு 1951 தேதில இருந்து பேட்டண்ட். கேஸ் நடந்து நடந்து கடைசில கோர்ட் பேட்டண்ட் செல்லாதுன்னுடுச்சு, பழைய அமைப்புல கூர்முனை வச்ச டெயில்ஸ்டாக், அதாவது லேத்துல பொருளோட மறுமுனைய தாங்கற பாகம், சேர்த்தது ஒரு நல்ல பட்டறைக்காரன் தானா பண்ற மாத்தம்தான், கண்டுபிடிப்பு இல்லன்னு. லேத் பக்கத்துலயே வளர்ந்தவங்களுக்கு இது கேக்க கஷ்டமா இருக்கும், எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா பேட்டண்ட் ஆபீஸ்ல உங்க அப்ளிகேஷன பரிசோதிக்கற எக்ஸாமினர் கேக்கப்போற கேள்வி இதான், இந்தத் தொழில் தெரிஞ்ச எவனுக்கும் இது தானா தோணியிருக்குமா? அதுக்கு பதில் உங்க தோத்துப்போன மாடல்ல இருக்கு. எத்தன தடவை பல்லு சாய்வ மாத்துனீங்க, ஏன் முதல் ஸ்பிரிங் வேலை செய்யல, தேதியோட ஒரு நோட்ல எழுதி வைங்க, ஒடஞ்ச பீஸ காயலாங்கடைக்கு போடாதீங்க.

பேட்டண்ட் கைல வந்ததும் வித்துடற அவசரமும் வேண்டாம். 1963ல அமெரிக்கால சியர்ஸ் கடைல வேலை பார்த்த பீட்டர் ராபர்ட்ஸ்ங்கற 18 வயசு பையன், நட்டு கழட்டற சாக்கெட் ரென்ச்ல ஒரு பட்டன அமுக்குனா சாக்கெட் தானா கழண்டு விழற மாதிரி பண்ணான், எண்ணெய் கையோட இழுக்க வேண்டாம். கம்பெனி அவன்கிட்ட இதுக்கு பெருசா மதிப்பு இல்லன்னு சொல்லி, ஒரு ரென்ச்சுக்கு 2 சென்ட், மொத்தமா 10,000 டாலர் வரைக்கும்னு எழுதி வாங்கிக்கிட்டாங்க. ரென்ச் ஒரு கோடிக்கு மேல வித்துச்சு. பல வருஷம் கழிச்சு அவரு மோசடின்னு கேஸ் போட்டு ஜூரி 10 லட்சம் டாலர் குடுக்கச் சொன்னாங்க, 1978ல அப்பீல் கோர்ட்டும் அத உறுதி பண்ணுச்சு. இப்படி ஒரு பீஸுக்கு இவ்வளவுன்னு வர்ற ராயல்டிக்கு உச்சவரம்பு போட்டு யாராச்சும் பேப்பர் நீட்டுனா அந்த ஒரு வரிக்காகவாவது வக்கீல்கிட்ட காட்டிட்டு கையெழுத்து போடுங்க.

துருவி அண்ணன் கதைக்கு வர்றேன். அன்னைக்கு அவரு கிளம்பறப்ப சும்மா கேட்டேன், வீடியோவுக்கு அப்பறம் இதுல ஏதாச்சும் மாத்திருக்கீங்களாண்ணான்னு. "இளம் தேங்காய்க்கு சீக்கிரமே நழுவுதுன்னு வீட்ல சொன்னா, அதுக்கு பின்னாடி ஒரு நட்டு வச்சிருக்கேன், திருகுனா ஸ்பிரிங் இறுகும், ஆனா சாதாரணமா திருகுனா துருவும்போது நட்டு லூஸாயிடும், அதனால கைப்பிடி சுத்தற தெசைக்கு தானா இறுகற மாதிரி பண்ணிருக்கேன்"னாரு. அத யாருக்காச்சும் காட்டிருக்கீங்களான்னேன். இல்ல, நீங்க பார்த்தீங்கள்ல, அதான் முதல் பீஸுன்னாரு. நான் அவர திரும்ப உக்கார வச்சேன். மூணு நாள்ல எழுதி, நாலாவது நாள் ஃபைல் பண்ணிட்டோம், அந்த நட்டுக்கு மட்டும். பழைய வீடியோவ ஸ்பெசிஃபிகேஷன்லயே சொல்லிட்டோம், மறைக்கல.

போன மாசம் பரிசோதனை அறிக்கை வந்துச்சு. முன்னாடி இருந்த கண்டுபிடிப்புன்னு எக்ஸாமினர் முதல்ல காட்டியிருக்கறது அவரோட அதே வீடியோதான், எத்தனாவது செகண்ட்ல வாஷர் தெரியுதுங்கறது வரைக்கும் போட்டிருக்காங்க. அந்த வீடியோல நட்டு இல்ல, சுத்தற தெசைல தானா இறுகறதும் இல்லன்னு பதில் எழுதி அனுப்பிட்டோம். இப்போ ஹியரிங் தேதிக்கு காத்துட்டு இருக்கோம்.