திரையில் முழங்கால் தெரிவதில்லை

கீழக்கரையிலிருந்து வந்த அந்தப் பெண் முதல் நாள் சொன்ன காரணம், "கூட்டிப் பெருக்கும்போது பிடித்துக்கொண்டது" என்பது. அடிமுதுகில் இரண்டு பக்கமும் வலி. நின்று சமைத்தால் கூடுகிறது, உட்கார்ந்தால் குறைகிறது. ராமநாதபுரத்தில் இயன்முறை மருத்துவராக இருக்கும் எனக்கு இது அன்றாடம் காதில் விழும் கதை. குடம் சுமப்பவர், மீன் கூடை தூக்குபவர், பாசி எடுக்கக் கடலில் குனிந்தே கிடப்பவர் என்று இந்தக் கரையில் முதுகுவலிக்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இவருக்குக் குனிந்தால் இதமாக இருந்தது. பின்னால் வளைந்தபோதுதான் முகம் சுளித்தார். குனிந்து வேலை செய்து பிடித்த முதுகு பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும்.

மூன்றாவது முறை வந்தபோது, அறைக்கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "டாக்டரம்மா, இரண்டு மாதமாக போனில் வீடியோ வகுப்பு வழியாகப் பெல்லி டான்ஸ் கற்றுக்கொள்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது."

இப்படிச் சொன்னவர்களில் அவர் முதல் ஆள் அல்ல. எங்கள் பக்கத்தில் இந்த நடனத்தைச் சொல்லித்தரும் ஆசிரியரைத் தேடினால் கிடைக்கமாட்டார். கணவர் வளைகுடாவில், பிள்ளைகள் பள்ளியில், மதியம் இரண்டு மணி நேரம் வீடு அமைதியாக இருக்கிறது. ஒரு போனும் தாழ்ப்பாள் உள்ள அறையும் போதும். இதில் நான் குறை காண எதுவும் இல்லை. உடற்பயிற்சி செய்யச் சொன்னால் நூறு சாக்குச் சொல்கிறவர்கள் விரும்பி வியர்வை சிந்துகிறார்கள் என்றால் மருத்துவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஒளித்து வைப்பதுதான் சிக்கல். துபாய்ப் பாலைவனச் சுற்றுலாவில் பார்த்த மேடை ஆட்டம்தான் பல வீட்டு ஆண்களின் மனதில் இருக்கிறது. அரபியில் இதற்கு ரக்ஸ் ஷர்கி என்று பெயர். கிழக்கத்திய நடனம் என்று பொருள். 'வயிற்று நடனம்' என்பது பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவில் பரவியது. எகிப்தில் கல்யாண வீடுகளில் சாதாரண உடையிலேயே பெண்கள் ஆடுவார்கள், நம்மைப் போலவே குலவையும் இடுவார்கள். பளபளப்பான இரண்டு துண்டு உடை, 1920களில் கெய்ரோவில் இரவு விடுதிகள் பெருகிய பிறகு மேடைக்காக நிலைபெற்றது. வீட்டில் ஆட அது தேவையும் இல்லை.

அன்று அந்தப் பெண்ணை ஆடிக் காட்டச் சொன்னேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இடுப்பு வேகமாக நடுங்கும் 'ஷிம்மி' என்ற அசைவைச் செய்தார். நான் இடுப்பைப் பார்க்கவில்லை, முழங்காலைப் பார்த்தேன். இரண்டும் நட்டுவைத்த கம்புபோல விறைத்துப் பின்னுக்குத் தள்ளியிருந்தன. கால் அசையாமல் இடுப்பு மட்டும் அசைய வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். எனவே அசைவு முழுவதையும் அடிமுதுகே பிடுங்கிப் பிடுங்கிச் செய்துகொண்டிருந்தது, நாளுக்கு நாற்பது நிமிடம், இரண்டு மாதம்.

பார்க்கிறவருக்கு இடுப்பு ஆடுவதுபோலத் தெரிந்தாலும், அடிப்படையான ஷிம்மி முழங்காலில் பிறக்கிறது. இரண்டு முழங்காலும் சற்றே மடங்கியிருக்க, ஒன்று நீளும்போது மற்றது மடங்குகிறது. நீளும் பக்கத்து இடுப்பு தானாக ஏறுகிறது, மடங்கும் பக்கம் இறங்குகிறது. வேகம் கூடினால் அதுவே நடுக்கம். இடுப்பைத் தூக்கிப் போடும் அசைவும் அப்படித்தான்: எடை ஒரு காலில், மறுகாலின் முன்பாதம் மட்டும் தரையில், அந்த முழங்கால்தான் இயந்திரம். கரகாட்டக் கலைஞரின் தலையில் கரகம் அலுங்காமல் நிற்பதும் முழங்காலின் நெகிழ்வால்தான்.

"ஆசிரியர் இதைச் சொல்லவில்லையா?" என்று கேட்டேன். சொல்லியிருக்கலாம். ஆனால் இவர் போனை வைத்திருந்தது சமையலறை மேடையில், மாவு டப்பாவில் சாய்த்து. எதிர்முனையில் தெரிந்தது இடுப்புக்கு மேலே மட்டும். போதாக்குறைக்குத் தொளதொளவென்ற நைட்டி. ஒரு சதுரத்தில் அரை உடம்பு, அதுவும் நைட்டிக்குள். எவ்வளவு கெட்டிக்கார ஆசிரியராக இருந்தாலும் எதைத் திருத்துவார்?

ஆகவே போனை இடுப்பு உயரத்தில் வைத்து, உச்சந்தலை முதல் பாதம் வரை தெரியும்வரை பின்னால் நகருங்கள். பெரும்பாலும் எட்டடியாவது வேண்டியிருக்கும். முழங்கால் தெரிகிற உடை போடுங்கள், லெக்கின்ஸ் போதும். தொடங்குமுன் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, முழங்காலைத் தளர்த்தி, வால் எலும்பைத் தரையை நோக்கி இறக்குங்கள். சுவருக்கும் அடிமுதுகுக்கும் இடையிலான குகை சுருங்குவது தெரியும். அந்த நிலையிலிருந்துதான் ஆட வேண்டும். தலையும் மார்பும் பின்னால் வளையும் அசைவுகளைத் திரை வழியாகக் கற்கவே வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரி.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒன்றும் உண்டு. தண்ணீருக்கு அலைந்து வளர்ந்த பெண்களுக்கு இடது இடுப்பில் குடம் வைத்துப் பழக்கம். வருடக்கணக்கில் அந்தப் பக்கத்து இடுப்பு ஏறியே நிற்கிறது, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலுள்ள தசை குறுகிவிடுகிறது. ஆடும்போது ஒரு பக்கம் துள்ளும், மறுபக்கம் மக்கர் செய்யும். நன்றாக வருகிற பக்கத்திலேயே ஆடிக்கொண்டிருக்காமல் வராத பக்கத்துக்கு இரண்டு பங்கு நேரம் கொடுங்கள்.

பிள்ளை பெற்றவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஆறு வாரப் பரிசோதனை முடியாமல் தொடங்காதீர்கள், அறுவைச் சிகிச்சை என்றால் இன்னும் தாமதமாக, மருத்துவரைக் கேட்டபிறகு. மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களை வைத்துத் தலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பள்ளம் இருந்தால் வயிற்றுத் தசைகள் இன்னும் சேரவில்லை. வயிற்றை அலையாக உருட்டும் பயிற்சி அப்போது கூடாது. அந்தத் தசைகளுக்கான பயிற்சி வேறு.

ஷிம்மி செய்யும்போது இரண்டு சொட்டுச் சிறுநீர் கசிகிறது என்பதை எவரும் தானாகச் சொல்வதில்லை, நான் கேட்டால்தான் தலையை ஆட்டுகிறார்கள். அது வயதின் விதி அல்ல. இடுப்புத்தளத் தசையின் பலவீனம், பயிற்சியால் பெரும்பாலும் சரியாகும். வலி பிட்டத்திலிருந்து கால்வரை மின்னல்போல ஓடினாலும், பாதம் மரத்தாலும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வாருங்கள். தொடைகளின் உள்பக்கமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்து, சிறுநீர் போகாமல் அடைத்தால் என்னிடம் வராதீர்கள். நேராகப் பெரிய மருத்துவமனைக்கு, அன்றே.

தரையையும் பாருங்கள். கடற்காற்றின் ஈரத்தில் டைல்ஸ் வழுக்கும். அதன்மேல் கோரைப்பாயை விரித்து ஆடுவது, பாயோடு சறுக்கப் போவதற்குச் சமம். அடியில் ரப்பர் உள்ள விரிப்பு நல்லது.

இன்னொன்று மருத்துவம் சாராதது. வகுப்பு பதிவு செய்யப்படுகிறதா, அதை யார் பார்ப்பார்கள் என்பதைப் பணம் கட்டுமுன் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். படத்தை வைத்து யாராவது மிரட்டினால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு மூன்று வாரம் ஆட்டத்தை நிறுத்தி வேறு பயிற்சிகள் கொடுத்தேன். வலி அடங்கியதும் மெதுவான அசைவுகளோடு மீண்டும் தொடங்கினார், இந்த முறை போன் நாற்காலியின் மேல், இவர் அறையின் மறுகோடியில். அடுத்த முறை வந்தபோது சிரிப்பை அடக்கமுடியாமல் சொன்னார்: "வகுப்பு தொடங்கியதும் ஆசிரியை முதலில் கேட்டதே, 'அட, உங்களுக்குக் கால் இருக்கிறதா?' என்றுதான், டாக்டரம்மா."