தத்தூ லவாஷ்: சொல் விளக்கம்

ஆர்மீனிய இயற்கை உணவுகளை விற்கும் கடைகளில், தைம் இலைத் தேநீருக்கும் உலர்ந்த ஆப்ரிகாட்டுக்கும் பக்கத்தில், மெல்லிய தகடுகளைச் சுருட்டி அடுக்கியிருப்பார்கள். சில கருஞ்சிவப்பு, சில தேன் நிறம். அவற்றின் பெயர் தத்தூ லவாஷ். லவாஷ் என்பது ஆர்மீனியரின் மெல்லிய ரொட்டி என்று அறிந்தவர்கள், இதையும் புளித்த மாவில் சுட்ட ஒரு வகை ரொட்டி என்று எழுதிவிடுகிறார்கள். இதில் மாவே கிடையாது. பழச்சதையை வேகவைத்து, பரப்பி, வெயிலில் காயவைத்த தகடு இது.

'தத்தூ' என்றால் புளிப்பு. ஆர்மீனிய எழுத்தில் மூச்சு கலந்த இரண்டு 'த்' அடுத்தடுத்து வரும், நடுவில் உயிரெழுத்து இருக்காது. சொல்லும்போது மட்டும் நம் குற்றியலுகரத்தைப் போல ஓர் உயிரொலி லேசாகத் தலைகாட்டும். ரோமன் எழுத்தைப் பார்த்து 'ட்டு', 'டிட்டு' என்றெல்லாம் எழுதுவது சரியல்ல. இது நாக்கு பல்லைத் தொடும் தகரம், டகரம் அல்ல. மெய்யெழுத்தில் சொல் தொடங்குவது தமிழ் மரபு இல்லை என்பதால் 'தத்தூ' என்று எழுதுவதே நெருக்கமானது. இன்னொரு குழப்பமும் உண்டு. ஆர்மீனியத்தில் 'தூத்' என்றால் முசுக்கொட்டைப் பழம். அதற்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பில்லை.

ஆர்மீனிய மொழியில் ஆழமாக வேர்விட்ட சொல் இது. தனியாக 'தத்தூ' என்று சொன்னாலே காய்கறி ஊறுகாயைக் குறிக்கும். புளித்த பாலேட்டுக்கு தத்வசேர் என்று பெயர். ஆக்சிஜனைக் கூட 'தத்வத்சின்' என்கிறார்கள், புளிப்பை, அதாவது அமிலத்தை, உண்டாக்குவது என்ற பொருளில். ஆக்சிஜன் என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் இருக்கும் பொருளும் அதுதான்.

லவாஷின் பிறப்பு இவ்வளவு தெளிவாக இல்லை. 'லவ்' நல்லது, 'அஷ்' உணவு, ஆக நல்ல உணவு என்று ஆர்மீனியர்கள் விரும்பிச் சொல்லும் விளக்கம் ஒன்று இருக்கிறது. கேட்க அழகான விளக்கம்தான், ஆனால் அதை மக்கள் வழக்கு விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. பிசைதல் என்ற பொருள் கொண்ட அராமேய வேரிலிருந்து வந்தது என்று கருதும் சொல்லாய்வாளர்களும் உண்டு. சொல் எங்கிருந்து வந்திருந்தாலும், அந்த ரொட்டியை ஆர்மீனியர்கள் தங்கள் அடையாளமாகவே கருதுகிறார்கள். தரையில் புதைத்த 'தோனிர்' என்னும் மண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடும் ஆர்மீனிய லவாஷை யுனெஸ்கோ 2014இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2016இல் அஜர்பைஜான், ஈரான், துருக்கி உள்ளிட்ட ஐந்து நாடுகளின் மெல்லிய ரொட்டி மரபும் லவாஷ் என்ற பெயரோடு அதே பட்டியலுக்கு வந்தது.

பழத்தகட்டுக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்தது அதன் வடிவம்தான். அகலமாக, மெல்லியதாக, மடிக்கவும் சுருட்டவும் வருவதால் இதுவும் லவாஷ் ஆனது. பாரசீகத்திலும் இதே எண்ண ஓட்டம் உண்டு. ஈரானில் இதை 'லவாஷக்' என்பார்கள், சின்ன லவாஷ் என்று பொருள். ஜார்ஜியாவில் இது 'த்க்லாபி', அங்கே கார்ச்சோ என்னும் இறைச்சிச் சூப்புக்குப் புளிப்பைக் கொடுப்பதே அதுதான். ரமலானில் கரைத்துக் குடிக்கும் சிரியாவின் ஆப்ரிகாட் தகடான கமருத்தீனும் இந்தக் குடும்பம்தான்.

செய்முறையில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. அதிகம் செய்வது புளிப்புப் பிளம்ஸில். பழத்தைக் கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, சல்லடையில் தேய்த்துக் கொட்டையையும் தோலையும் நீக்கி, கூழைக் கெட்டியாகும் வரை காய்ச்சுவார்கள். பிறகு பலகையிலோ துணியிலோ மெல்லியதாகப் பரப்பி வெயிலில் விடுவார்கள். ஆர்மீனியாவின் அரராத் சமவெளியில் கோடை கடும் வெயிலும் வறண்ட காற்றுமாக இருப்பதால் சில நாளில் காய்ந்துவிடும். பழத்தின் அமிலமும் சர்க்கரையும் இருக்க, ஈரம் போய்விட்டால் தகடு குளிர்காலம் முழுக்கக் கெடாது. மரபான முறையில் சர்க்கரை சேர்ப்பதில்லை. இனிப்பு தூக்கலாக இருந்தால் சர்க்கரை கலந்திருக்க வாய்ப்பு அதிகம், பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

விற்பனையாளர்கள் இதை மிட்டாய் வரிசையில் வைப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. குழந்தைகள் கிழித்துத் தின்பது உண்மைதான். ஆனால் ஆர்மீனிய வீட்டில் இது சமையலறைப் பொருளும் கூட. ஒரு துண்டைக் கிழித்து வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து, வதக்கிய வெங்காயத்தோடு சேர்த்துச் சூப் வைப்பார்கள். நம் வீட்டில் புளி செய்யும் வேலையை அங்கே இது செய்கிறது. பெயரிலேயே புளிப்பு இருக்கும்போது அதை இனிப்பு என்று அறிமுகப்படுத்தினால் பாதிப் பொருள் போய்விடுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'ஃப்ரூட் லெதர்' என்னும் ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்துப் 'பழத்தோல்' என்று போட்டால், உரித்தெறியும் தோல் என்றுதான் படும். 'புளிப்பு ரொட்டி' முழுத் தவறு. நம்மிடமே இதற்கு இணையான பண்டம் ஒன்று உண்டு. பனம்பழத்தைப் பிசைந்து எடுத்த களியைப் பாயில் ஊற்றிக் காயவைக்கும் பனாட்டு அது. யாழ்ப்பாணத்தில் அதைப் பாணி என்னும் பாகில் ஊறவைத்துப் பாணிப் பனாட்டாகவும் உண்பார்கள். தத்தூ லவாஷ் என்னவென்று புரியவைக்க அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஆனால் பெயருக்குள்ளேயே பனை இருப்பதால், 'பிளம்ஸ் பனாட்டு' என்றால் காதுக்கு இடறுகிறது.

என் தேர்வு 'பழத்தகடு'. ஆர்மீனியச் சொல்லைப் போலவே இதுவும் வடிவத்தை வைத்துப் பெயர் சொல்கிறது. பிளம்ஸ் பழத்தகடு, ஆப்ரிகாட் பழத்தகடு என்று பழத்தின் பெயரை முன்னால் சேர்க்கவும் தடையில்லை. ஆர்மீனியப் பண்டத்தையே குறிப்பிட வேண்டிய இடத்தில் 'தத்தூ லவாஷ் என்னும் புளிப்புப் பழத்தகடு' என்று ஒரு முறை விளக்கிவிட்டு, அப்புறம் தத்தூ லவாஷ் என்றே எழுதலாம்.

அதே கடைகளில் 'பாஸ்தெக்' என்று ஒன்றும் கிடைக்கும், பார்வைக்கு இதே மாதிரி இருக்கும். அது திராட்சைச் சாற்றில் மாவோ ஸ்டார்ச்சோ கலந்து காய்ச்சிப் பரப்பியது, இனிப்பானது. கோத்த வால்நட் பருப்பை அதே கூழில் தோய்த்துத் தொங்கவிட்டால் இனிப்புச் சுஜுக். பாஸ்தெக்கைப் பழத்தகடு என்று எழுத வேண்டாம், திராட்சைச் சாற்றுத் தகடு என்பதே பொருந்தும்.