பஜாமா டைம்: டாக்டருங்க ராத்திரி வேலைக்கு வச்ச செல்லப் பேரு

அமெரிக்க டாக்டருங்க பேச்சுல அடிக்கடி அடிபடுற வார்த்தை "பஜாமா டைம்". கேட்டா ஏதோ லீவு நாள்ல சோபாவுல சாஞ்சு கெடக்குறாங்க போலன்னு தோணும், விஷயம் நேர் எதிர். பகல் பூரா நோயாளிங்கள பாத்து முடிச்சு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, புள்ளைங்கள தூங்க வச்சதுக்கு அப்புறம் லேப்டாப்ப திறந்து, அன்னைக்கு பாத்தவங்களோட நோட்ஸ், லேப் ரிசல்ட், மருந்து ரீஃபில், நோயாளிங்க அனுப்புன மெசேஜ்னு எல்லாத்தையும் ஈஎச்ஆர்ல முடிக்கிற நேரம் தான் அது. ஈஎச்ஆர்னா எலக்ட்ரானிக் ஹெல்த் ரெக்கார்டு, அதாவது கம்ப்யூட்டருக்குள்ள போன கேஸ் ஷீட்டு. எழுத்துத் தமிழ்ல மின்னணு நலப்பதிவேடு.

மொதல்ல பஜாமாவ பாத்துருவோம். மூலம் பாரசீகம். பாய்னா கால் (நம்ம படுக்குற பாய் இல்ல!), ஜாமான்னா உடுப்பு, ரெண்டும் சேந்து காலுடுப்பு. உருது, இந்தி வழியா வெள்ளைக்காரன் இங்க வந்தப்போ எடுத்துக்கிட்டான், அவன் ஊருக்குப் போனதும் அது படுக்கையில போடுற துணியா மாறிடுச்சு. நமக்கு ஜிப்பா பைஜாமான்னா விசேஷத்துக்குப் போட்டுட்டுப் போறது, தூங்குறதுக்கு கைலியோ நைட்டியோ தான். அதனால "பஜாமா நேரம்"னு அப்படியே தமிழாக்குனா பாதி பேரு ரிசப்ஷனுக்கு கிளம்புற நேரம்னு நினைச்சுக்குவாங்க.

இந்த ராத்திரி வேலை எப்படி வந்துச்சுன்னு பாத்தா அதுல நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கு. முன்னாடி அமெரிக்காவுல நிறைய டாக்டருங்க நோட்ஸ டைப் பண்ண மாட்டாங்க, வாயால சொல்லி ரெக்கார்ட் பண்ணுவாங்க, அத கேட்டு வேற யாராச்சும் டைப் அடிப்பாங்க. 2000 வாக்குல சென்னையில மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கோர்ஸ் போர்டு பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்த வேலை தான். அவங்க சாயங்காலம் பேசி அனுப்புனா நமக்கு அது காலையில, அவங்க தூங்கி எந்திரிக்கிறதுக்குள்ள டைப் பண்ணி அனுப்பிடலாம். 2009ல ஒபாமா கையெழுத்து போட்ட ஹைடெக் சட்டம் வந்துச்சு, ஈஎச்ஆர் வாங்கி அரசு சொல்ற மாதிரி பயன்படுத்துனா ஊக்கத்தொகை, 2015ல இருந்து பயன்படுத்தாதவங்களுக்கு மெடிகேர், அதாவது வயசானவங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, தர்ற பணத்துல வெட்டு. நாடு பூரா மாறுனாங்க. ஆனா சாஃப்ட்வேர் வந்தப்போ அந்த டைப்பிங் வேலை எங்கயும் காணாமப் போகல, கட்டம் கட்டமா டிக் பண்ற டெம்ப்ளேட்டா உருமாறி டாக்டர் மடியிலயே வந்து உக்காந்துருச்சு. சென்னையில ஒருத்தர் பகல்ல சம்பளத்துக்கு செஞ்சத அங்க ஒருத்தர் ராத்திரியில சும்மா செய்றாரு, இதுல என்ன கணக்குன்னு எனக்கு இன்னும் புரியல.

அளந்தும் பாத்துருக்காங்க. 2016ல கிறிஸ்டின் சின்ஸ்கிங்கிற அமெரிக்க டாக்டரோட ஆய்வுக் குழு 57 டாக்டருங்கள கூடவே இருந்து கவனிச்சதுல, நோயாளிகூட நேர்ல செலவழிக்கிற ஒவ்வொரு மணிநேரத்துக்கும் கிட்டத்தட்ட 2 மணிநேரம் ஈஎச்ஆருக்கும் மேசை வேலைக்கும் போகுது, அதுக்கு மேல ராத்திரி 1, 2 மணிநேரம் சொந்த நேரத்துல. அடுத்த வருஷம் விஸ்கான்சின்ல 142 குடும்ப டாக்டருங்களோட லாக் டேட்டாவ (யாரு எப்போ ஈஎச்ஆர்ல இருந்தாங்கன்னு சிஸ்டமே குறிச்சு வைக்கிறது) எடுத்துப் பாத்தா 11.4 மணிநேர வேலைநாள்ல 5.9 மணிநேரம் ஈஎச்ஆர்லயே, அதுல 1.4 மணிநேரம் கிளினிக் முடிஞ்ச பிறகு.

நர்ஸுங்க கதை தனி. ஹவாய் பசிபிக் ஹெல்த்ங்கிற ஆஸ்பத்திரி குழுமத்துல "முட்டாள்தனத்த ஒழிப்போம்"ங்கிற மாதிரி ஒரு பேரு வச்சு, ஈஎச்ஆர்ல எது வேண்டாத வேலைன்னு ஸ்டாஃப்கிட்டயே கேட்டாங்க, 2018ல அங்க இருந்த டாக்டர் மெலிண்டா ஆஷ்டன் அத கட்டுரையா எழுதினாங்க. டீன்ஏஜ் புள்ளைங்கள பாத்துக்குற நர்ஸ் ஒருத்தரு தொப்புள்கொடி பத்தின கட்டத்த எடுத்துருங்கன்னு கேட்டுருக்காரு! இன்னொன்னு, மணிக்கொரு தடவ நோயாளிய போய் பாத்தேன்னு நர்ஸுங்க பண்ற கிளிக், ஒரு தடவைக்கு 24 செகண்ட் கிட்ட, நாலு ஆஸ்பத்திரிக்கும் கூட்டுனா மாசம் சுமார் 1,700 மணிநேரம்.

பஜாமா டைம் இப்போ வெறும் கிண்டல் வார்த்தை இல்ல, ஈஎச்ஆர் சாஃப்ட்வேர் பண்ற எபிக் கம்பெனியோட ரிப்போர்ட்ல அது ஒரு அளவுகோலாவே இருக்கு, வாரநாள்ல சாயங்காலம் 5.30ல இருந்து காலை 7 வரைக்கும் சார்ட்ல வேலை பாத்த நிமிஷத்த எண்ணுது. சாயங்கால கிளினிக் வச்சிருக்குறவருக்கு இது சரிப்படாது, அவரு வேலை நேரத்துலயே தான வேலை பாக்குறாரு. அதனால 2020ல சின்ஸ்கியும் கூட்டாளிங்களும் கடிகாரத்த விட்டுட்டு, 8 மணிநேரம் நோயாளி பாக்க ஒதுக்குனா அதுக்கு வெளிய எவ்வளவு நேரம் போகுதுன்னு கணக்கு பண்ணலாம்னு சொன்னாங்க. எனக்கு அது தான் நியாயமா படுது, ஏன்னா பிரச்சனை ராத்திரிங்கிறது இல்ல, வேலைக்குன்னு ஒதுக்குன நேரத்துக்குள்ள வேலை அடங்கலங்கிறது.

இப்போ தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். "மிகைநேரம்" சரியா வராது, அது ஓ.டி., ஓ.டி.ன்னா காசு வரும். "இரவுப்பணி"ன்னா நைட் டூட்டியோட குழம்பும். "வீட்டுப்பதிவு"ன்னா ரெஜிஸ்டர் ஆபீஸ் ஞாபகம் வருது. நான் எழுதுறதுக்கு "பணிகடந்த பதிவுவேலை"ன்னு வச்சுக்குவேன், கொஞ்சம் நீளம் தான், ஆனா பஜாமாவுல இருக்குற அந்த சொகுசு இதுல இல்ல, வேலைய வேலைன்னே சொல்லுது. பேச்சுக்கு "ராத்திரி நோட்ஸ்" போதும், "நேத்து 11 மணி வரைக்கும் ராத்திரி நோட்ஸ்லயே உக்காந்துட்டேன்"னா யாருக்கும் விளக்க வேண்டாம்.

இதுகூடவே சுத்துற இன்னொரு வார்த்தை "நோட் ப்ளோட்". நேத்தைய நோட்ட காப்பி பண்ணி இன்னைக்கு ஒட்டி, பில்லுக்குத் தேவையான வரிய சேத்து, லேப் ரிசல்ட் மொத்தத்தையும் இழுத்துப் போட்டு, உண்மையில என்ன நடந்துச்சுன்னு அடுத்த டாக்டர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலைமைக்கு நோட்ஸ் ஊதிப் போறது. 2018ல வந்த ஒரு கட்டுரைப்படி அமெரிக்க நோட்ஸ் மத்த நாட்டு நோட்ஸவிட கிட்டத்தட்ட 4 மடங்கு நீளம். இதுக்கு "குறிப்பு வீக்கம்"னே வச்சுடலாம், வீக்கம்னா டாக்டருங்களுக்கு சொல்லியா தரணும்.