மீளிணைப்புவழி மனித கைனேசின்: ஒரு குப்பியின் மேலிருந்த சொற்கள்

அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்து, என்னிடம் உயர்தர உயிரியல் படித்த பிள்ளை இப்போது ஓர் ஆய்வுகூடத்தில் பயிற்சி பெறுகிறாள். போன மாதம் ஒரு சிறு குப்பியின் படத்தை அனுப்பியிருந்தாள். மேலே ‘ரீகொம்பினன்ட் ஹியூமன் கே.ஐ.எஃப். 22’ என்று ஒட்டியிருந்தது. கீழே அவளுடைய கேள்வி: “சேர், இது மனுசன் ஒடம்புல இருந்து எடுத்ததா?”

எடுத்ததில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் நியாயமானது. மூன்று சொற்களில் இரண்டு, தமிழுக்கு அப்படியே வந்தால் ஆளைத் திசைதிருப்பும்.

முதலில் ‘ஹியூமன்’. அவளுடைய அப்பாயி சீனி வருத்தக்காரி. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் இன்சுலின் போத்தலிலும் ‘மனித இன்சுலின்’ என்றுதான் இருக்கும். அது எந்த மனிதரின் சதையியிலிருந்தும் (கணையம்) வந்ததல்ல. இன்சுலினை ஆக்கும் மனிதப் பரம்பரையலகை (ஜீன்) பக்டீரியாவிலோ மதுவத்திலோ (ஈஸ்ட்) புகுத்தி, அவற்றைக் கொண்டு செய்விக்கிறார்கள். 1982இல் அமெரிக்காவில் முதன்முதலாக இப்படி ஆக்கிய மனித இன்சுலினுக்கு அனுமதி கிடைத்தது. ஆக ‘மனித’ என்பது செய்முறைக் குறிப்பு மனிதருடையது என்று மட்டுமே சொல்கிறது.

அடுத்தது ‘ரீகொம்பினன்ட்’. நான் அதிகம் வருந்துவது இந்தச் சொல்லுக்காகத்தான். ‘மீளிணைந்த புரதம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். படிப்பவர், புரதத்தையே வெட்டி ஒட்டியதாக நினைத்துக்கொள்வார். வெட்டி ஒட்டப்பட்டது டி.என்.ஏ. 1970களின் தொடக்கத்தில் போல் பேர்க், ஸ்டான்லி கோஹன், ஹேர்பர்ட் பொயர் ஆகியோரின் ஆய்வுகளில் வளர்ந்த நுட்பம் இது: ஓர் உயிரின் டி.என்.ஏ. துண்டை இன்னோர் உயிரின் டி.என்.ஏ.யோடு இணைத்து, அதை ஒரு கலத்துக்குள் (செல்) அனுப்புவது. புரதம் அந்த இணைப்பின் வழியே பிறந்த விளைச்சல். அதனால் ‘மீளிணைப்புவழி’ என்பதே பொருந்தும். ஒரு ‘வழி’யைச் சேர்த்தவுடன் குழப்பம் போய்விடுகிறது.

இனி கே.ஐ.எஃப். ‘கைனேசின் குடும்பம்’ என்பதன் சுருக்கம். கைனேசின் என்ற பெயர் 1985இல் ரொனால்ட் வேல், தோமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் கணவாயின் பெரிய நரம்பிழையிலிருந்து பிரித்தெடுத்த புரதத்துக்கு வைத்தது. கிரேக்கத்தில் ‘கினெயின்’ என்றால் அசைத்தல். நாம் பார்க்கும் சினிமாவின் பெயரும் அந்த வேரில் முளைத்ததுதான்.

கைனேசின் செய்யும் வேலையை மலையில் வளர்ந்தவர்களுக்கு விளக்குவது எளிது. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில், கூடை முதுகில், கால் ஒற்றையடிப் பாதையில், போய்ச் சேருமிடம் கொழுந்து நிறுக்கும் மடுவம். முதலில் கண்ட கைனேசினும் அப்படித்தான். அதன் இரு கால்களும் கலத்துக்குள் பாதைபோல் நீளும் நுண்குழாயைப் பிடித்து மாறி மாறி எட்டு வைக்கும். ஓர் எட்டு 8 நனோமீற்றர், அதற்குக் கலத்தின் எரிபொருளான ஏ.ரீ.பி. (ATP) மூலக்கூறு ஒன்று செலவு. வால் சுமையைப் பிடித்திருக்கும்.

22ஆம் இலக்கத்தானின் சுமைதான் வேறு. 1996இல் யப்பானிய ஆய்வாளர்கள் இதை இனங்கண்டு ‘கிட்’ என்று பெயரிட்டார்கள். ‘டி.என்.ஏ.யைப் பற்றும் கைனேசின் போன்ற புரதம்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. குழந்தையைக் குறிக்கும் சொல்லல்ல. ஒரு பக்கம் நுண்குழாய், மறு பக்கம் டி.என்.ஏ.யைச் சுமக்கும் நிறமூர்த்தம் (குரோமோசோம்). கலம் பிரியும்போது நுண்குழாய்கள் சேர்ந்து கதிர் என்ற அமைப்பாகின்றன; நிறமூர்த்தத்தின் புயங்களை அது கதிரின் முனையான துருவத்திலிருந்து நடுப்பக்கம் தள்ளுகிறது. அது இல்லாவிட்டால், நிறமூர்த்தங்கள் நடுவில் வரிசையாகும் அனுவவத்தையில் (மெட்டாபேஸ்) அவை நடுக்கோட்டுக்கு வந்தாலும் புயங்கள் துருவத்தை நோக்கிச் சாய்ந்துவிடும். (கதிர் என்றதும் நெற்கதிரோ ஒளிக்கதிரோ நினைவுக்கு வரலாம். இது நூல் நூற்கும் கதிர், இரு முனையும் கூர்த்து நடு பருத்தது.)

நிறமூர்த்தம் என்ற சொல் எனக்கு மிகப் பிடித்தது. 1888இல் ஜேர்மன் உடற்கூற்றியலாளர் வால்டையர் ‘குரோமா’வையும் ‘சோமா’வையும், அதாவது நிறத்தையும் உடலையும், சேர்த்துப் பெயர் வைத்தார். இலங்கைப் பாடநூல் தமிழ் இரண்டையும் பெயர்த்தது. வெங்காய வேர் நுனியை அசற்றோகாமைன் என்ற சிவப்புச் சாயத்தில் சூடாக்கி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, நுணுக்குக்காட்டியில் குனிந்தால் தெரியும்: வெளிறிய கலத்துக்குள் சிவந்த சிறு நூல்கள். சாயத்தை அள்ளிக் குடிப்பதால்தான் அந்தப் பெயர். அதற்குச் சொந்தமாக நிறமில்லை.

இதனால்தான் கே.ஐ.எஃப். 22 சேர்ந்த ‘குரோமோகைனேசின்’ என்ற வகைப்பெயரை ‘நிறவியக்கி’ என்று பெயர்த்தால் பிழை. நிறத்தை இயக்குவதாகிவிடும். ‘நிறமூர்த்த இயக்கி’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும். கைனேசின் போன்றவற்றுக்குப் பொதுப்பெயரான ‘மோட்டர் புரதம்’ என்பதற்கும் ‘இயக்கிப் புரதம்’ போதும். இலத்தீனில் ‘மோட்டர்’ என்றாலே அசைப்பவர்தான், தமிழில் ‘இயக்கி’யின் இகரமும் அதே வேலையைச் செய்கிறது.

அவளுக்கு எழுதி அனுப்பினேன்: மீளிணைப்புவழி ஆக்கிய மனித நிறமூர்த்த இயக்கிப் புரதம், கே.ஐ.எஃப். 22. சுருக்கத்தையும் இலக்கத்தையும் தொடவில்லை. உலகில் எந்த ஆய்வுகூடத்திலும் அதைக் கொண்டுதான் தேடுவார்கள். மறுநாள் பதில் வந்தது: “நோட்டுல எழுதிட்டேன் சேர். அப்பாயிகிட்ட இன்சுலின் கதையையும் சொன்னேன்.”