மூன்றுக்கு அடியில் இரண்டு தெரிகிறதா?

போன மாதம் ஓர் இளைஞர் ஒரு தங்கக் காசைக் கொண்டுவந்தார். 1803ஆம் வருடத்து அமெரிக்க ஐந்து டாலர் காசு. சேகரிப்பவர்கள் ஹாஃப் ஈகிள் என்பார்கள். வாங்கும் முன் ஒரு நகைக்கடையில் காட்டியிருக்கிறார். எடை 8.75 கிராம், நம் சவரனைவிட முக்கால் கிராம் கூடுதல். மெஷினில் 22 காரட் என்று வந்திருக்கிறது. அன்றைய அமெரிக்கச் சட்டம் சொன்ன எடையும் தங்கத்தின் மாற்றும் அதேதான். அந்த நம்பிக்கையில் பெரிய தொகையைக் கொடுத்துவிட்டார்.

நான் லென்ஸை வைத்து முதலில் தேதியைப் பார்த்தேன். 3 துளிகூடப் பிசிறில்லாமல் சுத்தமாக இருந்தது. அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச் சாலையின் ஆரம்ப காலத்தில் டை, அதாவது காசை அடிக்கும் அச்சு, செய்வது பெரும்பாலும் கைவேலை. உருவத்தைப் பதித்த பிறகு நட்சத்திரம், எழுத்து, தேதி எல்லாவற்றையும் தனித்தனியாகத் தட்டி இறக்குவார்கள். அதனால் ஒரு டை போல இன்னொன்று இருக்காது. ஒன்றில் நட்சத்திரம் உருவத்தின் தொப்பியை ஒட்டி நிற்கும், இன்னொன்றில் ஓர் எழுத்து சாய்ந்திருக்கும். தேதி போட்டுத் தயாராக வைத்த டை அந்த வருடம் பயன்படாமல் போனால் தூக்கிப்போட மாட்டார்கள். பழைய எண் மேலேயே புது எண்ணை இறக்குவார்கள். இன்று நமக்குத் தெரிந்த 1803 ஹாஃப் ஈகிள் அத்தனையிலும் 3க்கு அடியில் 2இன் மிச்சம் தெரியும். 1802 காசுகளிலும் அப்படியே, 2க்கு அடியில் 1. அடியில் ஒன்றும் இல்லாத 1803 வந்தால், தங்கம் அசலாக இருக்கலாம், காசு அசல் இல்லை.

இதாவது சுலபமாக மாட்டும் போலி. அசல் காசு ஒன்றிலிருந்தே டை எடுத்து அடிக்கும் போலிகள்தான் என்னைத் தூங்கவிடாதவை. தேதி, எழுத்து எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் மூலக்காசு எங்கோ விழுந்து கன்னத்தில் பட்ட பள்ளமும் சேர்ந்தே வரும். விழுந்த காயம் ஒரு காசுக்குத்தான் சொந்தம். அதே இடத்தில் அதே வடிவில் இரண்டு காசுகளில் இருந்தால் சந்தேகப்படுங்கள். அதற்காகவே பழைய ஏலப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

எந்த முன்பக்க டை எந்தப் பின்பக்க டையோடு சேர்ந்து அடித்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. இந்தக் காசுகளை ஆராய்ந்த ஹாரி பாஸ், ஜான் டான்ராய்தர் பெயர்களால் வழங்கும் பி.டி. எண்கள் அதற்குத்தான். ஜோடி பதிவில் இல்லையென்றால், புது வகை கிடைத்துவிட்டது என்று துள்ளாதீர்கள். போலியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 'அபூர்வ வெரைட்டி' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டாலும் பொறுங்கள். இந்தக் காசுகளை டை வாரியாகச் சேர்ப்பவர்கள் மிகச் சிலரே. வகை அபூர்வம் என்பதற்காக மட்டும் விலை ஏறிவிடாது.

காசே அபூர்வமாக இருப்பது வேறு கதை. 1834க்கு முன் காசின் தங்கம் முகமதிப்பைவிட அதிகம் பெற்றதால் கப்பல் கப்பலாக வெளியே போய் உருகியது. 1822இல் 17,796 ஹாஃப் ஈகிள் அடித்ததாகக் கணக்கு. அந்தத் தேதியில் இன்று இருப்பது மூன்றே மூன்று. இரண்டு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில்; மூன்றாவது 2021இல் 84 லட்சம் டாலருக்குப் போனது. அந்த 1834இல்தான் சட்டம் போட்டுக் காசில் தங்கத்தைக் குறைத்தார்கள்.

அப்புறம், அசலைக் கையில் வைத்துக்கொண்டே கெடுப்பவர்கள். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்ப்பது நகைக்குச் சரி, காசுக்கு வேண்டாம். 1795 காசு ஒன்றை ஒரு பெரியவர் காட்டினார். கழுகின் மேல் இணைகோடுகளாக அரக் கோடுகள் இருந்தனவாம். கீறல் என்று நினைத்து, தெரிந்த ஆசாரியிடம் கொடுத்து மழமழவென்று ஆக்கியிருக்கிறார். அவை கீறல் அல்ல. எடை கூடிய தங்க வில்லையை, அடிக்கும் முன் நாணயச் சாலையிலேயே அரத்தால் ராவிச் சரி செய்த தடம். இருநூறு வருடம் இருந்த கோடு ஒரு மதியத்தில் போய்விட்டது. அதை அவரிடம் சொல்ல எனக்கு நெடுநேரம் ஆனது.