சட்டி குடித்த பெயிண்ட்

ஆடி மாதம் திருநெல்வேலிப் பக்கம் வீரவநல்லூரில் மதினி வீட்டுத் திண்ணை முழுக்க அகல் விளக்காகத்தான் இருக்கும். எல்லாம் கார்த்திகைக்கு விற்க வேண்டியவை. ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் எதுவும் லேசில் காயாது என்று, இப்போதே காருகுறிச்சியிலிருந்து விளக்கும் சிறு சட்டிகளும் வாங்கிவந்து அக்ரிலிக் பெயிண்ட் அடிக்கத் தொடங்கிவிடுவார். போன வருஷம் நான் போயிருந்தபோது காலியான மஞ்சள் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினார். "பத்து விளக்குக்குக்கூட வரலை. நான் எங்க பூசுதேன், சட்டில்லா குடிக்கி!"

அவர் சொன்னது அப்படியே உண்மை. சூளையில் சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். பானைத் தண்ணீர் குளுகுளுவென்று இருப்பதற்கு அவைதான் காரணம்: தண்ணீர் அவற்றின் வழியே கசிந்து, வெளிப்பக்கம் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. திரி எண்ணெயை இழுப்பதுபோல, அதே துளைகள் பெயிண்டில் இருக்கும் தண்ணீரையும் இழுத்துவிடும். பிரஷை இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் பெயிண்ட் கெட்டியாகித் திட்டுத்திட்டாக நின்றுவிடும். அதை மறைக்க இன்னொரு கோட்டிங், அப்புறம் இன்னொன்று.

மதினி மூன்று, நான்கு கோட்டிங் மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பதில் அடியில் ஒரு கோட்டிங் வெள்ளை போதும். ஹார்டுவேர் கடையில் சுவருக்கென்று விற்கும் வாட்டர் பிரைமர், கைவினைக்கான குட்டிப் பாட்டில் பெயிண்டைவிட அளவுக்கு அளவு மிகவும் மலிவு. அது துளையை அடைக்கிறது. அதைவிடப் பெரிய உதவி ஒன்றும் செய்கிறது. மஞ்சள் பெயிண்டுகளில் பலவற்றுக்கு அடியில் உள்ளதை முழுதாக மறைக்கும் சக்தி கிடையாது. ஒளி மஞ்சள் படலத்தைத் தாண்டிப் போய்ச் செம்மண்ணில் பட்டால், பெரும்பகுதியை மண்ணே விழுங்கிவிடும். மங்கிய, அழுக்கேறிய மஞ்சள்தான் நமக்குத் தெரியும். அடியில் வெள்ளை இருந்தால் அந்த ஒளி திரும்பி வரும், மஞ்சள் பளிச்சென்று நிற்கும்.

நல்ல வெள்ளையின் பலம் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெள்ளைப் பொடியில் இருக்கிறது. அதன் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) சுமார் 2.7, சுற்றியிருக்கும் அக்ரிலிக் பிசினுக்குச் சுமார் 1.5. இந்த இடைவெளி பெரிதாக இருப்பதால்தான் ஒளி சிதறித் திரும்புகிறது. சாக்பீஸ் பொடிக்கு 1.5 முதல் 1.6 வரைதான். அதனால் பசையில் சாக்பீஸ் பொடியைக் குழைத்துப் பூசினால் சொரசொரப்பு நிரவும், நிறம் அவ்வளவாக மறையாது. இப்படிச் சிக்கனம் பார்த்து, மறுபடி மஞ்சளில் செலவழிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

பூந்தொட்டியாக இருந்தால் உள்பக்கமும் தண்ணீர் புகாத பூச்சு ஒன்று பூச வேண்டும். இல்லாவிட்டால் செடிக்கு ஊற்றும் தண்ணீர் உள்ளிருந்து கசிந்து, வெளிப் பெயிண்டைக் கொப்புளமாகத் தள்ளிவிடும்.

சட்டிக்கு அடுத்து பெயிண்டைத் தின்பது காற்று. தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை மழையை வாங்கிக்கொள்ள, குற்றாலத்தில் சாரல் அடிக்கும். கீழே சமவெளிக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். ஈரம் நிறைந்த காற்று ஓரிடத்தில் தங்கினால் பெயிண்ட் மெதுவாகக் காயும். ஆடிக் காற்று அதைத் தங்கவே விடாது. தட்டில் பிழிந்த பெயிண்ட் பாதி தீர்வதற்குள் தோல் கட்டிவிடும்.

அக்ரிலிக்கில் தோல் கட்டினால் கட்டினதுதான். அது தண்ணீரில் மிதக்கும் மிக நுண்ணிய பிசின் உருண்டைகளின் கலவை. தண்ணீர் போகப் போக உருண்டைகள் நெருங்கி, ஒன்றையொன்று அழுத்தி, ஒரே படலமாக ஒட்டிக்கொள்கின்றன. மறுபடி தண்ணீர் ஊற்றினாலும் அவை பிரியாது. ஈரமாக இருக்கும்போது இந்தக் கலவை பாலைப்போல வெளுத்திருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும். அதனால்தான் காய்ந்த நிறம் ஒரு படி அடர்த்தியாகத் தெரிகிறது. கலக்கும்போது உடைந்த சட்டித் துண்டு ஒன்றில் தடவிக் காயவிட்டுப் பார்த்தால், மறுபடி கலக்கும் வேலை இருக்காது.

காயும் தொல்லையே இல்லாத வண்ண வேலையும் பக்கத்திலேயே இருக்கிறது. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்கு, கடைசலில் சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்கை அழுத்திப் பிடிப்பார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகிப் படியும், ஆறியதும் இறுகிவிடும். ஆவியாக அதில் தண்ணீரே கிடையாது.

அக்ரிலிக்குக்கு ஒரு டிபன் டப்பா போதும். அடியில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்ச், அதன்மேல் பட்டர் பேப்பர், அதன்மேல் பெயிண்ட். மேலே எவ்வளவு ஈரம் போகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு கீழிருந்து தாள் வழியே ஏறிவரும். மெழுகு பூசிய தாள் கூடாது, அது தண்ணீரை விடாது. வேலை முடிந்ததும் டப்பாவை மூடிவைத்தால் மறுநாளும் அதே பெயிண்ட் ஓடும். ஸ்பாஞ்சை மட்டும் அடிக்கடி அலச வேண்டும், இல்லையென்றால் நாற்றமெடுத்துவிடும்.

பிரஷிலும் இதே கதைதான். உலர்ந்த பிரஷை முக்கினால் பெயிண்ட் முடிகளுக்கிடையே ஏறி, தகரப் பட்டை வரை போய் அங்கேயே காய்ந்துவிடும். நுனி விரிந்து பிரஷ் வீணாகும். முதலில் தண்ணீரில் நனைத்து உதறினால் அந்த இடுக்குகளில் தண்ணீர் நின்றுகொள்ளும், பெயிண்ட் அவ்வளவாக ஏறாது. முடியின் நுனியை மட்டும் முக்கினால் போதும்.

நேரம் மிச்சமாக ஒரே வழிதான். ஒரு விளக்கை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததை எடுக்காமல், இருபது விளக்கையும் வரிசையாக வைத்து ஒரே நிறத்தை மெல்லிசாகப் பூச வேண்டும். தடிமனாக அப்பினால் மேலே தோல் கட்டி, உள் ஈரம் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும், பிறகு வெடிக்கும். மெல்லிய கோட்டிங் என்றால், ஆடிக் காற்றில் இருபதாவது விளக்குக்குப் போவதற்குள் முதல் விளக்கு தொட்டுப் பார்க்கிற அளவுக்குக் காய்ந்திருக்கும்.

இந்த வருஷம் மதினி திண்ணையில் பிரைமர் அடித்த விளக்குகள் வெள்ளை வெளேரென்று வரிசையில் இருக்கின்றன. மச்சான் சாப்பாடு கொண்டுபோகும் டப்பாதான் இப்போது மதினியின் பெயிண்ட் டப்பா. மச்சானுக்கு அம்பாசமுத்திரத்தில் புதுசாக ஒன்று வாங்கிக் கொடுத்தாயிற்று.